வடலிப்புலத்தில் கள்ளமாகக் குடியேறியவன்

ஹவுகெட்டோ, ஒஸ்லோ

அன்பின் ஜெகதீஸ்வரன் அண்ணாவுக்கு,

சித்தப்பாவின் மகன் இரத்தினவேல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் புஷ்பமலரும் சுகம். ரொறன்ரோவில் உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் கோபமும் தணிந்திருக்க ஊர் அம்மன் அருள் செய்யட்டும். தொலைபேசியில் உங்களுக்குக் காது கேட்பதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

அண்ணா, என் மானம் கப்பலேறிவிட்டது. கொஞ்ச நாளாகத் தொலைக்காட்சியைப் போட்டால் ஒரே விவாதம்தான்: மண்ணில் பிறந்தால் குடியுரிமை உண்டா இல்லையா, கள்ளமாக வந்தவர்களின் பிள்ளைகளை என்ன செய்வது. உங்கள் கனடாவில் பிறந்தாலே போதும். இந்த நோர்வேயில் பிறந்தால் மட்டும் போதாது, தாய் தகப்பன் யாரென்று பார்ப்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குச் சூடேறிவிட்டது. நாட்டைத்தான் திருத்த முடியாது, நான் தலைவராக இருக்கும் நம் ஊர்ச் சங்கம், வடலிப்புலம் மக்கள் ஒன்றியத்தையாவது திருத்துவோம் என்று, ஹொல்ம்லியாவில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் எழும்பி, இனி நம் ஊர் மண்ணில் பிறந்தவருக்கே அங்கத்துவம், மற்றவரெல்லாம் கள்ளக் குடியேறிகள் என்று முழங்கிவிட்டேன். கைதட்டினார்கள், அண்ணா. அதுதான் கேடாய்ப் போயிற்று.

பின்னால் வடைத் தட்டோடு நின்ற மருமகன் சாய், அதை மெதுவாக மேசையில் வைத்தான். கோயம்புத்தூர்ப் பிள்ளை, கூட்டத்துக்குக் கதிரை அடுக்குவதும் அவன்தான், கடைசியில் மண்டபம் கூட்டுவதும் அவன்தான். பக்கத்தில் நிறைமாத வயிற்றோடு இருந்த மகள் துஷ்யா எழும்பினாள்.

“அப்பா, அப்ப சாய் ஆர்? நானே ஒஸ்லோவிலதானே பிறந்தனான். என்ர பிள்ளை ஆர்?”

“பிள்ளை, சட்டம் எண்டா சட்டம்.”

“சரி. பிள்ளை பிறந்தா, பாக்கிறதுக்கு விசா எடுத்துக்கொண்டு வாங்கோ!”

அன்றிலிருந்து பியோர்ண்டாலில் இருக்கிற அவள் என் அழைப்பை எடுப்பதில்லை. புஷ்பமலர் போய் வருகிறாள். எனக்கு விசா இல்லை.

கூட்டத்தில் அதோடு விட்டார்களா? என் அம்மாவின் தமக்கை மகள் மங்களேஸ்வரி அக்கா, நாவலடியிலிருந்து நம் ஊரில் வாழ்க்கைப்பட்டவள், வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு எழும்பினாள். “தம்பி, தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டிலயெல்லோ? கொம்மா உன்னை நாவலடியில எங்கட வீட்டிலதான் பெத்தவ. முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிச்சுத்தான் உன்னை வடலிப்புலத்துக்குக் கொண்டுபோனது. அப்ப நீயும் கள்ளமா வந்தனிதானே!” என்றாள். நாவலடி, அண்ணா! ஒவ்வொரு கோடையும் இங்கே ஊர்ச் சங்கங்களின் கரப்பந்தாட்டத்தில் நம்மைப் போட்டு மிதிக்கிற நாவலடி! சபை சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. பிறகு ஆளாளுக்கு விசாரித்தால், பாதிப்பேர் தாயின் ஊரில் பிறந்தவர்கள், மீதிப்பேர் பட்டணத்து ஆஸ்பத்திரியில். ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் வந்து சேரப் பிந்தியதால் வடலிப்புலத்து வீட்டிலேயே பிறந்த ஒரே ஆள் லதீசன். ஆட்டிறைச்சி றோல் இருந்தால் மட்டும் கூட்டத்துக்கு வருகிறவன். என் சட்டப்படி இப்போது அவன்தான் ஒரே அங்கத்தவன், ஆகவே தலைவனும் அவன்தான்.

நீங்கள் அடுத்த வீட்டில் வளர்ந்தவர், என்னிலும் மூத்தவர். நான் வடலிப்புலத்தில் பிறந்ததைக் நீங்கள் கண்ணால் கண்டதாக அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம், அண்ணிக்கு என் வணக்கம்.

பாசமுள்ள தம்பி,
இரத்தினவேல்

பி.கு.: முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கும்போது சாய் அழைத்தான். “மாமா, பொண்ணு பொறந்திருக்கா. துஷ்யா உங்கள உடனே வரச் சொன்னா. விசா வேண்டாமாம்.” ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிள்ளைக்கு அப்படியே என் அம்மாவின் மூக்கு, அண்ணா. கையில் வாங்கியதும் அழுதுவிட்டேன். “இவ எந்த ஊர் மாமா?” என்று சாய் கேட்டான். “வடலிப்புலம்” என்றேன். “கோயம்புத்தூர் இல்லையா?” என்றான். “அதுவும்தான். நாவலடியும்தான்” என்றேன். ஆகவே, அக்காவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். அவள் சொன்னதுதான் உண்மை. பேத்தியை ஒன்றியத்தில் சேர்க்கும்படி புதிய தலைவரிடம் பணிவாகக் கேட்டிருக்கிறேன். லதீசன் யோசித்துச் சொல்கிறானாம்.