ஆறடிக் கொள்ளுத்தாத்தா

கொள்ளுத்தாத்தா தேடிகள் என்றொரு மனித இனம் உண்டு. பஃபலோ நகரத்தில், எங்கள் போலந்துக்காரர் தெருக்களில், வீட்டுக்கொன்றாக இல்லாவிட்டாலும் தெருவுக்கு இரண்டு தேறும். கல்யாண வீட்டில் மணப்பெண்ணைப் பார்க்காமல் அவள் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரை விசாரிப்பவர், அடக்கத்துக்குப் போன இடத்தில் செத்தவரை அம்போவென்று விட்டுவிட்டுப் பக்கத்துக் கல்லறையைப் படம் பிடிப்பவர், கை குலுக்கும்போதே "உங்க ஆளுங்க கப்பல் ஏறினது ப்ரேமன்லயா, ஹாம்பர்க்லயா?" என்று மடக்குபவர் எவரோ, அவரே இந்த இனம். தப்பித்து ஓடுங்கள். முடியாதா? அப்படியென்றால் எட்வின் கவ்லிக்கிடம் மாட்டிக்கொண்டீர்கள்.

எட்வின் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐந்தடி ஓரங்குலம். இடது காதோரம் பட்டாணி அளவில் ஒரு மச்சம். பதினொரு வருஷமாக அவர் உயிரை வைத்திருப்பது, 1909இல் நியூயார்க் வந்த ஒரு கப்பலின் பயணிகள் பட்டியலில். அதில் பதினான்காம் வரி அவருடைய கொள்ளுத்தாத்தா வோய்ச்செக்: ஆறடி இரண்டங்குலம், நீலக் கண்கள், உடம்பில் ஒரு குறையும் இல்லை. பதின்மூன்றாம் வரியில் அதே ஊர்க்காரர் ஸ்டெஃபான் பியெலாட். ஐந்தடி ஓரங்குலம், இடது காதோரம் மச்சம். இந்த ஸ்டெஃபானின் கொள்ளுப்பேரன்தான் எட்வினின் பக்கத்து வீட்டு கிளாரன்ஸ்; நிலைப்படியில் குனியாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாதவர்.

"உங்க குள்ளரை எங்க தாத்தா தோள்ல தூக்கிட்டுத்தான்யா கப்பலை விட்டு இறங்கியிருப்பாரு!" என்று ஈஸ்டர் தவறாமல் எட்வின் வம்புக்கிழுப்பார். கிளாரன்ஸ் சிரித்துக்கொண்டே தொத்திறைச்சியில் முள்ளங்கித் துவையலைத் தடவுவார். ஊருக்குக் கண் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கொள்ளுத்தாத்தா தேடியிடம் யார் வாயைக் கொடுப்பது?

எட்வினின் மனைவி லோரெயின் கொடுத்தாள். இரண்டு வீட்டாரும் சேரும் குடும்பக் கூடலுக்கு முதல் நாள், பியெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவளைக் கூப்பிட்டு நூறாவது முறையாகப் பட்டியலைத் திரையில் காட்டினார் எட்வின். இடப்பக்கத் தாளில் பெயர், வலப்பக்கத் தாளில் உயரமும் அடையாளமும். அவள் மாவுக் கையோடு ஓர் அளவுகோலை எடுத்துத் திரையில் வைத்தாள்.

"எட்வின், பேரு பதினாலாம் நம்பர்ல இருக்கு. உயரத்தை ஏன் பதிமூணுல படிக்கிறே?"

"அந்தக் காலத்துக் கோடு. கொஞ்சம் சாஞ்சிருக்கு."

"கோடு நேராத்தான் இருக்கு. நீதான் சாஞ்சிட்டே."

எட்வினின் கை தானாக இடது காதுக்குப் போயிற்று. பதினொரு வருஷமாக அவர் கொண்டாடிய ஆறடி ஆசாமி பியெலாட் வீட்டுச் சொத்து! மிச்சப்பட்ட குள்ளரைத் தாராள மனத்தோடு கிளாரன்ஸ் தலையில் கட்டியதும் அவரே. இதற்குள் தேவாலயக் கூடத்தில் ஆறடி இரண்டங்குலத்துக்குப் பலகையில் வெட்டி வண்ணம் பூசிய கொள்ளுத்தாத்தா மீசையோடு நின்றாயிற்று. நாளைக்கு எழுபது பேர் முன்னால் அதைத் திறந்துவைக்க வேண்டும்.

"யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் எட்வின்.

"அந்தக் குள்ள மனுஷன் கடலையே தாண்டி வந்துட்டான். அவனை நீயே தொலைக்கப்போறியா?"

மறுநாள் எட்வின் மேடையேறினார். ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டார். பலகையைச் சுட்டி, "கிளாரன்ஸ், இவர் உன்னோட ஆளு. எடுத்துக்கோ" என்றார். கிளாரன்ஸ் எழுந்துபோய்ப் பலகையின் பக்கத்தில் நின்றார். இரண்டு தலையும் ஏறக்குறைய ஒரே மட்டம். கூடம் குலுங்கிச் சிரித்தது.

"எனக்கு வேண்டாம்யா. என் குள்ளரை நான் தரமாட்டேன்."

"உன் குள்ளரா?"

"பதினோரு வருஷமா அவருக்கு மெழுகுவத்தி ஏத்தறேன். நீ கேலி பண்ணப் பண்ண எனக்கு அவர்மேல பாசம் வந்துடுச்சு. இந்த மீசைக்காரன் யாரு? முன்னப்பின்ன பழக்கமே இல்ல."

எட்வினுக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ, மேடையிலிருந்து குதித்தே விட்டார். எம்பி கிளாரன்ஸின் சட்டைக் காலரைப் பிடித்தார். எட்டவில்லை. சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டார். "யோவ், அவரு எங்க தாத்தாய்யா! இந்த மச்சத்தைப் பாரு! அஞ்சடி ஒண்ணுன்னா ஒரு அங்குலம்கூட விட்டுத்தர மாட்டேன்!" என்று கத்தியபோது அவர் கண்ணில் நீர் கொட்டியது. நேற்றுவரை வேண்டாதவர், இன்று உயிர்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி, உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பழைய குழுப்படம் தொங்குமே, அதன் முன்னால் கொஞ்சம் போய் நில்லுங்கள். பின்வரிசையில் மார்பை நிமிர்த்தி நிற்கும் அழகரைத்தானே வருகிறவர்களிடமெல்லாம் உங்கள் கொள்ளுத்தாத்தா என்று காட்டுகிறீர்கள்? அப்படியானால் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, அச்சு அசல் உங்கள் மூக்கோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் யார்?