அழிக்கச் சொன்ன சொல்தா

எழுதிப் பெயர் வாங்கியவர்கள் புதுச்சேரியில் ஏராளம். எழுதியதை அழிக்கச் சொல்லியே பெயர் வாங்கியவர் எங்கள் சொல்தா ஒருவர்தான். இந்தப் பூமியில் அவர் அளவுக்கு என் உயிரை வாங்கிய இன்னொரு ஜீவன் கிடையாது. என் மாமியாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருந்த காலம் உண்டு. இவருக்குக் கருவடிக்குப்பத்தில் வீடு, கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட், காலில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போன்ற பளபள ஷூ. எனக்கு ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அரியாங்குப்பத்தில் வீடு, ஒரு கம்பெனியில் கணக்கு வேலை, அது போதாதென்று ‘ஊர்ப்பேச்சு’ என்று ஓர் இணைய அரங்கம். எந்தக் கடையில் ரொட்டி நன்றாக இருக்கிறது, எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று ஊர்க்காரர்கள் அதில் எழுதுவார்கள், சண்டை போடுவார்கள். அதற்கு நான் அட்மின். சம்பளம் கிடையாது, வசவு மட்டும் உண்டு.

சேர்ந்த அன்றே சொல்தா ஒரு பேக்கரியைப் பற்றி எழுதினார்: ‘இந்த ரொட்டியால் பட்டாளத்தில் கதவை உடைக்கலாம்.’ பேக்கரிக்காரர் பொங்கினார். அவர் தம்பியும் பொங்கினார். மறுநாள் காலை, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் என் வீட்டு கேட்டுக்கு வெளியே ஒருவர் விறைப்பாக நின்றார்.

“அட்மின் மதாம் நீதானா? நேத்து ரொட்டியைப் பத்தி எழுதினதை அழிச்சிடு. எனக்கு உரிமை இருக்கு. நான் பிரெஞ்சு சித்வாயேன்.”

சித்வாயேன் என்றால் குடிமகன்; மதாம் என்றால் அம்மா, முசே என்றால் ஐயா. இணையத்தில் கிடக்கும் தன் விவரங்களை அழிக்கச் சொல்லிக் கேட்க ஐரோப்பாவில் சட்டம் இருக்கிறது. பாஸ்போர்ட் போகும் இடமெல்லாம் அந்தச் சட்டமும் கூடவே வரும் என்பது சொல்தாவின் முடிவு.

“முசே, அந்தச் சட்டம் அங்க. நீங்க நிக்கிறது அரியாங்குப்பம்.”

“ஏன், ஆத்தைத் தாண்டினா நான் வேற ஆளாயிடுவேனா?”

காலங்காத்தாலே வம்பு எதற்கு என்று, “உங்க பதிவுக்குக் கீழ குப்பைத்தொட்டி படம் இருக்கு பாருங்க. அதை அமுக்கினா போதும், நீங்களே அழிச்சிக்கலாம்” என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நானே அழிச்சா அதுக்குப் பேரு வேலைம்மா. நான் கேக்கணும், நீ அழிக்கணும். அதான் உரிமை.”

அதோடு விட்டாரா? பையிலிருந்து டைப் அடித்த தாளை எடுத்தார். அழிக்கிறேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். வெறும் கையெழுத்து செல்லாதாம். அதற்கு மேலே ‘லு எ அப்ருவே’, அதாவது படித்தேன், ஒப்புக்கொண்டேன் என்று என் கைப்பட பிரெஞ்சில் எழுத வேண்டுமாம். பிரெஞ்சுக்காரர்கள் ஆபீசில் அப்படித்தானாம். அடுப்பில் பால் பொங்கி வழிய, நான் கேட்டின் மேல் தாளை வைத்து எழுத்துக்கூட்டி எழுதினேன். எழுத்து கோணல் என்று திரும்ப எழுத வைத்தார் பாவி மனுஷன்.

அப்புறம் இதுவே வாடிக்கையாகிவிட்டது. ராத்திரி எழுதுவார், விடிந்ததும் பாலத்தைத் தாண்டி ஸ்கூட்டரில் வந்துவிடுவார். அவர் பதிவை அழித்தால், அதற்கு மற்றவர்கள் போட்ட பதில்கள் தலையில்லாத முண்டமாக நிற்கும். ஒருமுறை யாரோ அவரைத் திட்டிய ‘இந்த வயசுல இதெல்லாம் தேவையா?’ என்ற வரி, அவர் பதிவு போனதும் மேலே ஏறி, மாதா கோயில் கொடியேற்ற அறிவிப்புக்கு நேர் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. பங்குச் சாமியார் எனக்குப் போன் செய்தார். “கொடி ஏத்துறதுக்கு என்னம்மா வயசு வரம்பு?”

‘இந்தப் பதிவு நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி வருமே, அதையும் அழிக்கச் சொன்னார். “நான் அழிச்சேன்னு ஊருக்கு எதுக்குத் தெரியணும்?” அழித்தேன். அப்போதாவது போனாரா? “நீ படிச்சிட்டே இல்ல? அதுக்கு என்ன பண்ணப் போறே?”

“என் தலையைத்தான் கழட்டிக் குடுக்கணும் முசே.”

நிஜமாகவே யோசித்தார். “வேணாம். ஸ்கூட்டர்ல இடமில்ல.”

“பேசாம அந்தாளை பிளாக் பண்ணித் தொலையேன்” என்றார் என் வீட்டுக்காரர். செய்திருப்பேன். செய்யாததற்குக் காரணம் சொல்தாவின் ஒரே ஒரு பதிவு. எங்கள் ஊர் பெரிய ஆஸ்பத்திரிக்கு விழுப்புரம், கடலூர் பக்கத்திலிருந்து ஜனங்கள் வந்தபடி இருப்பார்கள். சொல்தா தன் மனைவியைக் கடைசி வரை அங்கேதான் கூட்டிக்கொண்டு அலைந்தார். அந்த அம்மாள் போன பிறகு, அலைந்து தெரிந்துகொண்டதையெல்லாம் எழுதி வைத்தார்: எந்த பஸ், எந்த கேட், சீட்டு எங்கே போடுவது, கூட வந்தவர் எங்கே படுக்கலாம், எந்தக் கடையில் கஞ்சி கிடைக்கும். ஏதாவது மாறினால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து திருத்துவார். ஜனங்கள் போனில் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். அவர் அழிக்கச் சொல்லாத ஒரே பதிவு அது.

அதற்குக் கீழே ஒரு புண்ணியவான் எழுதினான்: ‘ஆதாயம் இல்லாம எவனாவது இவ்ளோ செய்வானா?’

மறுநாள் சொல்தா வந்தார். சட்டை கசங்கியிருந்தது. “எல்லாத்தையும் அழிச்சிடு. என் பேரு, கணக்கு, ஒண்ணு விடாம. ஆஸ்பத்திரியை முதல்ல அழி.”

“முசே, மத்த கழுதையெல்லாம் போவட்டும். இதை மட்டும் விடுங்க. ஜனங்க பாவம்.”

“எம் பொண்டாட்டியோட அலைஞ்சி எழுதினது அது. அதுக்குக் கீழ அந்த வார்த்தையா?”

“அந்த வார்த்தையை எடுத்துட்டேன். எழுதினவனையும் தூக்கிட்டேன்.”

“நான் படிச்சிட்டேனே.”

அழிக்காதே என்று என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கண்ணைக் காட்டினார். அந்தச் சட்டம் இங்கே செல்லாதுதான். ஆனால் எழுதிய மனுஷன் எதிரே நின்று கண் கலங்கிக் கேட்கும்போது நான் என்ன செய்வது? அழித்தேன். தாளில் எழுதியும் கொடுத்தேன். அன்றைக்கு எழுத்துக் கோணலை அவர் பார்க்கவில்லை. அவர் போன பிறகு, அவரையும் அவர் பாஸ்போர்ட்டையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன்.

அந்த வாரமே விழுப்புரம் பக்கத்திலிருந்து செல்வி என்றொரு பெண் கேட்டாள்: ‘அப்பாவை நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர்றேன். இங்க ஒரு விவரம் இருந்துச்சே, காணோமே?’ நினைவில் இருந்ததை எழுதிப் போட்டேன். போட்ட பிறகு, சொன்ன கேட் சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் லீவு சொல்லிவிட்டு நானே ஓடினேன்.

நான் சொன்ன கேட்டில் ஒரு ஈ, காக்கை இல்லை. அடுத்த கேட்டில் வெள்ளைச் சட்டை, பளபள ஷூ! ஒரு கை நோயாளியின் தோளைத் தாங்கியிருந்தது, இன்னொரு கையில் செல்வியின் துணிப்பை.

“நீ போட்ட கேட்டைப் பூட்டியாச்சி. முதல்ல அதை அழி!” என்று அங்கேயே சீறினார்.

“உங்களுக்குத்தான் கணக்கே இல்லையே, எப்படித் தெரியும்?”

“கணக்கு இல்லாட்டி படிக்கக் கூடாதா?”

“அப்ப நீங்களே எழுதுங்களேன் முசே!”

“எழுத மாட்டேன். வருவேன்.”

வந்தார். அரங்கத்தில் யார் கேட்டாலும், சொல்லாமல் கொள்ளாமல் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். செல்வி ஊருக்குத் திரும்பியதும், ‘வெள்ளைச் சட்டை பெரியவர் ஒருத்தர் சொன்னது’ என்று கேட், சீட்டு, கஞ்சிக்கடை எல்லாவற்றையும் தன் பாஷையில் எழுதினாள். அவளைப் பார்த்து இன்னொருவர் எழுதினார், அப்புறம் இன்னும் பலர். போன விவரமெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

விடுவாரா? தாளோடு வந்து நின்றார். “என்னைப் பத்தி எழுதறாங்க. அழி.”

இந்த நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன். “உங்க பேரே இல்லையே முசே. அது அவங்க எழுதினது. அவங்க கேக்கணும், நான் அழிக்கணும். அதான் உரிமை.”

தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். முதல் தடவையாக கேட்டைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தார். “சரி, என்னதான் எழுதியிருக்காங்க? படி” என்றார். ஒவ்வொன்றாகப் படித்தேன். ‘எங்கப்பாவுக்குக் கூடப் பொறந்தவர் மாதிரி நின்னாரு’ என்று செல்வி எழுதிய இடம் வந்ததும், “அதை இன்னொரு தடவை படிம்மா” என்றார்.

போன மழைக்காலத்தில் முசே போய்ச் சேர்ந்தார். அவர் எழுதியதில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை. கேட்டதையெல்லாம் ஒழுங்காக, ஒன்று விடாமல், என் கையாலேயே அழித்திருக்கிறேன். அத்தனை தடவை என் உயிரை எடுத்த மனுஷன், மறதியாக ஒன்றே ஒன்றையாவது விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா?