லிஃப்ட்டு புரொஃபிஷியண்ட் ஆன வரலாறு

அந்த ஐந்து மாடி அலுவலகத்தில் யாருக்கு என்ன வேலை தெரியும் என்று கண்டறிய வேண்டிய அவசியம், ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு மேலிடத்துக்கு ஏற்பட்டது. அதுவரை அந்தக் கவலை யாருக்கும் இருந்ததில்லை. உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு மூன்று நாள் கூடி, தீர ஆலோசித்து, ஒரு ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது: புரொஃபிஷியண்ட். திறமையும் தேர்ச்சியும் உள்ளவர் என்று பொருள் என்பதைச் சுற்றறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஒவ்வொரு ஊழியரும் அந்தச் சொல்லை வைத்துத் தன்னைப் பற்றி ஐந்து ஆங்கில வாக்கியங்கள் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எழுத்துபூர்வமான ஆதாரம் இணைக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் கொடுக்காதவர்கள் 'திறன் உறுதிசெய்யப்படாதோர்' எனக் கருதப்பட்டுப் பணியிலிருந்து அன்புடன் விடுவிக்கப்படுவார்கள்.

ஒரு வாரத்துக்குள் அந்தச் சொல் ஆபீஸ் முழுக்கத் தும்மல் மாதிரி பரவிவிட்டது. தபால் குமாஸ்தா தான் உறை ஒட்டுவதில் புரொஃபிஷியண்ட் என்று எழுதி, காலியான பசை பாட்டில்களின் பட்டியலை இணைத்தார். இன்னொருவர் லீவு லெட்டர் எழுதுவதில் புரொஃபிஷியண்ட் என்று எழுதி, முப்பத்தெட்டு லீவு லெட்டர்களை ஆதாரமாக வைத்தார். குழு அவரை வெகுவாகப் பாராட்டியது.

மாட்டிக்கொண்டவர் லிஃப்ட் மெக்கானிக்தான். தினமும் காலை ஆறு மணிக்கு, காவலாளியைத் தவிர யாரும் வராத நேரத்தில், அவர் மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறிவிடுவார். தூசி துடைப்பார், கிரீஸ் வைப்பார், மோட்டாரை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். பிறகு நாளெல்லாம் அந்த அறையிலேயே இருப்பார். 'லிஃப்ட்டு' என்று பட்டப்பெயர் வைத்ததே காவலாளிதான். மற்றவர்களுக்கு இப்படி ஒரு ஆள் இருப்பதே தெரியாது. ஒன்பது வருஷமாக லிஃப்ட் ஒரு நிமிஷம்கூட நின்றதில்லை. அதில் லிஃப்ட்டுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. முட்டிவலியுள்ள டீக்கார அக்கா ஐந்து மாடிக்கும் கெட்டிலோடு சுகமாகப் போய்வந்ததெல்லாம் அந்தக் கர்வத்தின் புண்ணியம்.

பன்னிரண்டாவது வரை படித்த மனைவியிடம் வாக்கியங்களைக் கேட்டு, அழகாக எழுதிக்கொண்டு போனார். குழுத் தலைவரான சூப்பிரண்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"ஐ ஆம் புரொஃபிஷியண்ட் இன் ரிப்பேரிங் லிஃப்ட். வாக்கியம் பிரமாதம். ஆதாரம் எங்கப்பா?"

"லிஃப்ட்தான் சார் ஆதாரம். ஓடுதே."

"ஓடுறது லிஃப்ட்டோட திறமை. நீ என்ன செஞ்ச? புகார்ப் புத்தகத்தைக் காட்டு."

புத்தகம் வந்தது. ஒன்பது வருஷப் பக்கங்களும் பழுப்பேறி, வெறுமையாக இருந்தன.

"புகாரே இல்ல. அப்ப நீ ரிப்பேரே பண்ணல. சரியா?"

"சரிதான் சார், ஆனா..."

"ரிப்பேரே பண்ணாதவன் ரிப்பேர்ல புரொஃபிஷியண்ட்னு எழுதினா, அதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

சூப்பிரண்டு கெட்ட மனிதர் அல்ல. வருத்தத்தோடுதான் கேட்டார். ஜெனரேட்டர்காரரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி புத்தி சொல்லி, அவருடைய ஃபைலையும் எடுத்துக் காட்டினார். தலையணை கனம் இருந்தது. ஜெனரேட்டர் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை நின்றிருக்கிறது. அவருக்கு முதல் நாளே சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் லிஃப்ட்டு சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். மூத்தவளுக்கு அடுத்த வருஷம் காலேஜ். மாதக் கடைசிக்கு எட்டு நாள்தான் இருந்தது. விஷயத்தைக் கேட்ட மனைவி, ஒரு தடவை நின்றுதான் போகட்டுமே என்றாள். ஒன்பது வருஷம் காப்பாற்றியதை எப்படி விடுவது என்று அவர் முனகினார்.

"அந்த ஒன்பது வருஷத்தை யாரு பாத்தா? நின்னாத்தாங்க நாலு பேரு கத்துவாங்க, எழுதுவாங்க. ஓடுற லிஃப்ட்டப் பத்தி எவன் எழுதினான்?"

லிஃப்ட்டு எதையும் கழற்றவில்லை. ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. மறுநாளிலிருந்து மோட்டார் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். சும்மா இருப்பது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. ஐந்தாம் நாள், ஆலோசனைக் கூட்டத்துக்குப் போன மொத்தக் குழுவோடும் லிஃப்ட் மூன்றாம் மாடிக்குச் சற்று மேலே நின்றுவிட்டது.

அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கதவிடுக்கு வழியாக, ஐந்து நிமிஷத்தில் சரியாக்குவதாகச் சொன்னார்.

"நில்லு," என்றது சூப்பிரண்டின் குரல். "சுற்றறிக்கை, பத்தி ஆறு. திறன் உறுதிசெய்யப்படாதவர் இயந்திரத்தைத் தொடக் கூடாது."

"அப்ப ஜெனரேட்டர்காரரைக் கூப்பிடட்டுமா சார்? அவர் புரொஃபிஷியண்ட்."

உள்ளே குழு அவசரமாகக் கூடி முணுமுணுத்தது.

"அவன் வேண்டாம்."

பிறகு நிர்வாகம் முறைப்படி நடந்தது. புகார்ப் புத்தகம் இடுக்கு வழியாக உள்ளே போனது. லிஃப்ட் நின்றது, விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை, மணி அடிக்கவில்லை, வேர்க்கிறது என்று ஐந்து புகார்கள் பதிவாயின. ஐந்து வாக்கியத்துக்கும் ஆதாரம் கிடைத்துவிட்டது. ஒரு உறுப்பினரைக் குனியவைத்து, அவர் முதுகின்மேல் சான்றிதழை வைத்துக் கையெழுத்திட்டு வெளியே தள்ளினார்கள். லிஃப்ட்டு அதை இரண்டு தடவை படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேலே போனார். நாலு நிமிஷத்தில் லிஃப்ட் நகர்ந்தது.

"இப்பத்தான்யா உன் அருமை தெரியுது," என்று கர்ச்சீப்பைப் பிழிந்தபடி சொன்னார் சூப்பிரண்டு.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் சான்றிதழுக்கு ஆயுள் மூன்று மாதம். புதுப்பிக்க ஐந்து புது வாக்கியம், ஐந்து புது ஆதாரம் வேண்டும். லிஃப்ட் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நிற்கப் பழகிக்கொண்டது. சேதி பரவியது. தண்ணீர் மோட்டார்க்காரர், எலக்ட்ரீஷியன், டெலிபோன்காரர் எல்லோரும் தத்தம் வெற்றுப் புத்தகங்களைக் கவலையோடு புரட்டிப் பார்த்தார்கள். அரை வருஷத்துக்குள் அந்தக் கட்டடத்தில் ஒழுங்காக ஓடுகிற சாமான் ஒன்றுகூட இல்லை. திறன் உறுதிசெய்யப்படாத ஆளும் ஒருவர்கூட இல்லை. நூற்றுக்கு நூறு என்று குழு அறிக்கை கொடுத்தது. அதைக் கண்டு தெளிய வேறு அலுவலகங்களிலிருந்து அதிகாரிகள் வந்து, மூச்சு வாங்கப் படியேறிப் பார்த்து வியந்தார்கள்.

ஒரு நாள் மூன்றாம் மாடிப் படியில் டீக்கார அக்கா கெட்டிலை இறக்கிவைத்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பையும் புத்தகமுமாக வந்த லிஃப்ட்டைக் கூப்பிட்டு, கேட்காமலே ஒரு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"காசு வேணாம் தம்பி. நீ ஒருத்தன் ஓடி ஓடிப் பாக்குறதாலதான் இதாவது நடக்குது. உனக்கு முன்னாடி ஒன்பது வருஷம் ஒருத்தன் இருந்தானாமே, அவன் மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல. சும்மா உக்காந்தே சம்பளம் வாங்கியிருக்கான்."

லிஃப்ட்டு டீ டம்ளரை வாங்கிக்கொண்டார். அந்த ஒருத்தன் யாரென்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் மூன்று மாதம் மறுநாளோடு முடிகிறது. எல்லோரும் படியேறப் பழகிப் புகார் எழுதுவதையே விட்டுவிட்டதில், ஒரு ஆதாரம் குறைந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்து நீட்டினார்.

"இதுல ஒரு வரி எழுதிக் கொடுங்கக்கா."

"என்னன்னு எழுதணும்?"

"முட்டி வலிக்குதுன்னு எழுதுங்க."

இந்தத் தம்பிக்கு நம்மால் ஆன உதவி என்று, அக்கா நிறுத்தி நிதானமாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாள்.