சின்னது உனக்கே இருக்கட்டும்

அன்பிற்குரிய தம்பிக்கு,

உன் அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அண்ணி நலம், மகள் அனுப்பிவைத்த இரண்டு கருவிகளும் இதை எழுதும் இந்த நிமிடம் வரை நலம். அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்றும், உன் கடைச் சுவரில் தொங்கும் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கின்றன என்றும் நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மகள் அனுப்பியதில் ஒன்று டேப்லெட். விசைகளே இல்லாத கண்ணாடிப் பலகை, காய் நறுக்கும் பலகை அளவு இருக்கும், விரலால் தடவினால் இணையம் வரும். மற்றது குட்டிக் கம்ப்யூட்டர். பெரிய கம்ப்யூட்டரில் இருக்கும் அத்தனையையும், விசைகள் உட்பட, ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அடைத்திருக்கிறார்கள், மூடினால் சட்டைப்பைக்குள் போய்விடும். போனில் அவள் சொன்னது இதுதான்: "ரெண்டையும் கொஞ்ச நாள் வெச்சுப் பாருங்கப்பா. உங்களுக்கு எது சரிப்படுதோ அதை வெச்சுக்கிட்டு, இன்னொண்ணை சித்தப்பாவுக்கு அனுப்பிடுங்க." ஆக, முதலில் எடுக்கும் உரிமை எனக்கு. ஆனால் நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுகிற அண்ணனா நான்? இரண்டையும் ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கு வந்தவர்களை நிறுத்துவதுபோல் நிறுத்திப் பரிசோதித்தேன். குட்டிக் கம்ப்யூட்டர் தேறிவிட்டது, டேப்லெட் தோற்றுவிட்டது. ஆகவே தேறியது உனக்கு வருகிறது. தோற்றதை நானே வைத்துக்கொண்டு எப்படியோ காலத்தைத் தள்ளிக்கொள்கிறேன்.

டேப்லெட்டின் லட்சணத்தை முதலில் கேள். எந்த இயந்திரத்தையும் நான் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவேன் என்பது உனக்குத் தெரியும். நான் ஓட்டக் கற்றுக்கொடுத்த பயிற்சிக் காரில் ஸ்டியரிங்கைப் பிடிக்க வருகிறவர்கள் பயத்தில் அதை நனைத்துவிட்டு இறங்குவார்கள், அந்த அருவருப்பில் வந்த பழக்கம். கையுறையோடு தடவினேன், அசையவில்லை. தட்டினேன், குத்தினேன், குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன், உன் அண்ணி தைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழுந்துவந்து "அதுக்கென்ன விக்கலா" என்று கேட்டுவிட்டுப் போனாள். செத்துப்போன சாமானை அவள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மகளுக்குப் போன் போட்டுக் கடைக்காரனையும், அவனுக்கு வேலை கொடுத்தவனையும், கம்ப்யூட்டர் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவனையும் சேர்த்துத் திட்டினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையுறையைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். உடனே விழித்துக்கொண்டது. வெறும் தோல் பட்டால்தான் வேலை செய்வேன் என்று அடம்பிடிக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு குளிர்காலத்தில் நீ என்ன செய்வாய்?

குட்டிக் கம்ப்யூட்டர் அப்படி இல்லை. அதில் விசைகள் இருக்கின்றன. அமுக்கினால் அமுங்கும், அமுங்கினால் சத்தம் வரும், கையுறை போட்டிருக்கிறாயா இல்லையா என்று உன்னைக் கேள்வி கேட்காது. ஒரே ஒரு விஷயம், என் விரல் ஒன்றை வைத்தால் மூன்று விசை சேர்ந்து அமுங்குகிறது. சாமான் பத்திரமாக வந்து சேர்ந்தது என்று மகளுக்கு அதிலிருந்து ஒரு வரி அனுப்பப் பார்த்தேன். போய்ச் சேர்ந்ததைப் பார்த்தவள் அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, வாய் குழறுவதுபோல் கையும் குழறுகிறது என்று பதறி, மாடிவீட்டு நர்ஸம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். அந்த அம்மா ஈரத் தலையோடு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தார். என்னை உட்காரவைத்து, நாக்கை நீட்டச் சொல்லி, இரண்டு கையையும் தூக்கச் சொல்லி, பட்டையைச் சுற்றிப் பார்த்தால் அழுத்தம் உண்மையிலேயே ஏறிக் கிடக்கிறது. ஏறாமல் என்ன செய்யும், அந்த ஒரு வரியை அடிக்க நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்? நர்ஸம்மா என் உப்பைக் குறைத்துவிட்டுப் போனார். இதைக் குறையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. மகள் என்மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்கிறாள் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது இந்தக் குட்டிதான். டேப்லெட்டில் நான் அனுப்பிய வரி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, அவள் "சரிப்பா" என்று முடித்துவிட்டாள்.

எழுத்து கொஞ்சம் சின்னதுதான். எறும்பு ஊர்கிறது என்று நினைத்து உன் அண்ணி துணியால் துடைக்கப் போய்விட்டாள். ஆனால் நீ கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, சின்ன இடுக்கியால் கடிகாரப் பற்சக்கரத்தைப் பொறுக்குகிறவன். உனக்கு அந்த எழுத்தெல்லாம் விளம்பரப் பலகை மாதிரி தெரியும். விசையைக்கூட நீ இடுக்கியாலேயே அமுக்கிக்கொள்ளலாம். உள்ளே ஒரு விசிறி இருக்கிறது, ஆன் செய்ததும் கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதுபோல் இரைந்துகொண்டு சூடாகும். அதுவும் நல்லதுதான், உன் கடையில் காலையில் விரல் விறைத்துப்போகிறது என்று சொல்வாயே, அதன்மேல் கொஞ்சம் கையை வைத்துக்கொண்டால் போயிற்று. பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும், அது முழுதாக எழுந்து உட்காருவதற்குள்ளேயே தீர்ந்துபோனதும் உண்டு. அதனால் நீ வேலையைக் கெடுத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாய். டேப்லெட்டோ காலையில் சார்ஜ் போட்டால் சாயங்காலம் வரைக்கும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்போது நிற்கும் என்று தெரியாத வண்டியைக் குடும்பஸ்தன் கையில் கொடுக்கலாமா?

இன்னொன்று கேள். டேப்லெட்டைக் குறுக்கே பிடித்தால் படமும் குறுக்கே திரும்பிக்கொள்கிறது. சோபாவில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பார்த்தேன். நான் சாய்ந்ததும் படமும் சாய்ந்தது. சரி, அதற்கு ஏற்ற மாதிரி நான் திரும்பினேன், அதுவும் திரும்பியது. நான் விடுவேனா, இன்னும் கொஞ்சம் திரும்பினேன். கடைசியில் சோபா முடிந்துபோய் நான் தரையில் இருந்தேன், படம் நேராக இருந்தது. உன் அண்ணி வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டிருந்ததால் கண்ணாலேயே எல்லாவற்றையும் சொன்னாள்.

டேப்லெட்டின் பெரிய குறையை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். யாரோ ஒருவன், எந்த நாட்டுக்காரனோ, தன் வண்டிக்கு முன்னால் கேமராவை மாட்டிக்கொண்டு மலை மலையாக ஓட்டிக்கொண்டே போகிறான். பேசுவதில்லை, பாட்டுப் போடுவதில்லை, ரோடு மட்டும்தான். பரிசோதனைக்காக அதைப் பார்க்க ஆரம்பித்தேன், இன்னும் பரிசோதித்துக்கொண்டிருக்கிறேன். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் பக்கம் ஸ்டியரிங், என் பக்கம் வெறும் பிரேக் மட்டும் இருக்கும் என்பது உனக்குத் தெரியும், அந்தப் பிரேக்கை நம்பித்தான் இத்தனை வருஷம் பிழைத்தேன். வேலையை விட்டு வந்த பிறகு என் வலது கால் சும்மாவே கிடந்தது தம்பி. இந்த மலைக்காரன் வளைவில் வேகமாகத் திரும்பும்போது காலுக்கு வேலை வருகிறது. சாப்பாட்டு மேசைமேல் டேப்லெட்டைச் சாய்த்து வைத்துவிட்டு, செருப்புக் காலோடு பிரேக்கை மிதிக்கக்கூடாது என்பதால் பழைய ஷூவையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். அவன் முந்தக்கூடாத இடத்தில் முந்துகிறான், நான் மிதிக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் வந்து சுவரில் ஆணி அடிக்கிறீர்களா என்று கேட்டார். சாப்பாடு ஆறிப்போகிறது, சாயங்காலம் போவதே தெரிவதில்லை. இப்படி ஆளை விழுங்கிவிடுகிற சாமான் உன் கடைக்குள் வந்தால் உன் தொழில் என்ன ஆவது? அதனால்தான் இந்த ஆபத்தை நானே சுமந்துகொள்கிறேன் என்கிறேன். குட்டிக் கம்ப்யூட்டரிலும் அதே மலையைப் போட்டுப் பார்த்தேன். லாரி கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்தது. காலுக்கு மிதிக்கத் தோன்றவே இல்லை. அவ்வளவு பத்திரமான சாமான் அது.

மொத்தத்தில் உனக்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கிறது. அடக்கமானது, கெட்டியானது, எதையும் தாங்கும். இன்றைக்கே பார்சல் கட்டுகிறேன். நீ மறுத்து எழுதாதே, அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று பெருந்தன்மை காட்டாதே, நான் கேட்கவே மாட்டேன்.

உன் மனைவிக்கு என் விசாரிப்பைச் சொல். குழந்தைகள் கண்ணும் கையும் நோகாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க அண்ணன் அண்ணி இருவரின் ஆசியும் உண்டு.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்
அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை முடித்துக் கையெழுத்தும் போட்ட பிறகு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். உன் அண்ணி குட்டிக் கம்ப்யூட்டரை வெட்டுத்துணியில் சுற்றி, மேசைக்கடியில் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒட்டுகிற டேப் எடுக்க உள்ளே போனாள். அவள் வருகிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று மலைக்காரனைப் போட்டேன். ஷூ காலில்தான் இருந்தது. குறுகலான வளைவு, அவன் ஹார்ன் அடிக்காமல் திரும்பினான், எதிரே லாரி. மிதித்துவிட்டேன் தம்பி. என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு சரியான நேரத்தில் நான் பிரேக் போட்டதே இல்லை, லாரியும் மோதவில்லை. காலுக்கடியில்தான் பப்படம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம்.

உன் அண்ணி வந்து துணியை அவிழ்த்துப் பார்த்தாள். திட்டவில்லை. மேசைமேல் கிடந்த இந்தக் கடிதத்தை எடுத்து, நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசித்தலையணையில் குத்தினாள். பிறகு, "இவ்வளவு நல்ல சாமானை மிதிச்சிட்டீங்களே" என்றாள். "பரவாயில்ல, தம்பி சின்னச் சின்ன வேலையெல்லாம் செய்யறவரு, சரிபண்ணிக் குடுப்பாரு. குடுத்ததும் நீங்களே வெச்சுக்கோங்க. அதுவரைக்கும் பாவம், அவரு அந்தத் தோத்துப்போனதை வெச்சுச் சமாளிச்சுக்கட்டும்." சொல்லிக்கொண்டே, ஓடிக்கொண்டிருந்த டேப்லெட்டை என் முன்னாலிருந்து எடுத்து அணைத்து, பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அதன்மேல் நொறுங்கியதையும் வைத்து டேப் ஒட்டிவிட்டாள்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அப்படியே தலைகீழாகப் படித்துக்கொள். டேப்லெட் தங்கமான சாமான். உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகையே வருகிறது. அந்த வளைவுக்கு அப்புறம் ரோடு எப்படிப் போகிறது என்று நான் பார்க்கவில்லை, நீ பார்த்து ஒரு வரி எழுது. குட்டியைச் சரிசெய்ய அவசரமே இல்லை, உன் மற்ற வேலைகளையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகச் செய். திருப்பி அனுப்பும்போது மட்டும் மறக்காமல் ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு இடுக்கியும் சேர்த்து அனுப்பு.