என்னை விடாத வீடு

விற்காத வீட்டுக்கு வைத்தியம் பார்க்கும் மகான் ஒருவர் வந்திருக்கிறார் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. வீட்டுத் தரகரின் அலுவலகத்துக்கு மேல்மாடியில் அவருக்கு ஓர் அறை. படிக்கட்டு முழுக்கக் கூட்டம். டாக்டர், வக்கீல், ஓய்வுபெற்ற நீதிபதி என்று படித்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கியதுபோல் நின்றார்கள். அந்த வரிசையில் அடியேனும் ஒருவன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். காந்தம் எதை இழுக்கும், எதை இழுக்காது என்று பாடம் நடத்திவிட்டு, சாக்பீஸ் தூள் ஒட்டிய கையோடு நேரே வந்து நின்றேன்.

மகானின் கையில் இரண்டு பித்தளைக் கம்பிகள். அதனால் ஜனங்கள் வைத்த பெயர் கம்பியார். கம்பிகளை நீட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், அந்த இடத்தில் வீடு சொந்தக்காரரைப் பிடித்துவைத்திருக்கிறது என்று அர்த்தமாம். பித்தளையைக் காந்தம்கூட இழுக்காது. அதை வருடாவருடம் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் வீடு இழுக்கும் என்று நம்பினேன்.

நம்பாமல் என்ன செய்வது? என் மனைவிக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. இந்த வீட்டை விற்றால்தான் அங்கே ஒன்று வாங்க முடியும், நானும் போய்ச் சேர முடியும். அதுவரை அவள் அங்கே ஒற்றை அறையில், நான் இங்கே வெறும் வீட்டில். தரகர் இணையத்தில் விளம்பரம் போட்டார். மாதக்கணக்கில் ஓர் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

"விளம்பரத்துல குறை இல்ல சார்" என்றார் தரகர், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "வீட்டுலதான் ஏதோ இருக்கு. மேல போயி கம்பியாரைப் பாருங்க."

கம்பியார் வந்தார். கூடத்தில் கம்பி விழுந்தது. சமையலறையில் விழுந்தது. குளியலறையில் நுழைவதற்கு முன்பே விழுந்துவிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த வீடு உங்களை விடமாட்டேங்குது ஐயா. எத்தனையோ வீடு பாத்திருக்கேன். இப்படிப் பாசம் வச்ச வீட்டைப் பாத்ததே இல்ல."

கூரை ஒழுகியபோது இந்த வீட்டை நான் திட்டிய திட்டெல்லாம் ஞாபகம் வந்து கண்ணீர் விட்டேன். என்மேல் இவ்வளவு பாசமாக ஓர் உயிர்! அது செங்கல்லும் சிமென்டும் என்பது அப்போது தோன்றவில்லை. டாக்டர் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் அவர் இதே வசனத்தைத்தான் சொல்லியிருந்தார் என்பதும் தெரியவில்லை.

வைத்தியம் எளிது, கட்டணம்தான் எளிதல்ல; தவணை கட்டி முடிந்தால்தான் வைத்தியமும் முடியும். தினமும் விடிந்ததும் அறை அறையாகப் போய், சுவரில் கன்னத்தை வைத்து, "என்னைப் போக விடு" என்று கெஞ்ச வேண்டும். கெஞ்சினேன். ஒருநாள் பால்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து பாலை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிவிடுவார்.

மனைவியிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். விளம்பரம் சரியா வந்திருக்கா, பாத்தீங்களா?" என்றாள்.

"தினமும் பாக்கறேனே. நம்ம லாகின்ல போனா பளிச்சுனு தெரியுது."

"உங்களுக்குத் தெரியுது. வாங்கறவங்களுக்குத் தெரியுதா?"

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. முதல்ல வீடு மனசு வைக்கணும்."

அறிவியல் வாத்தியார் சொன்ன பதில் இது. அவள் போனை வைத்துவிட்டாள். அந்த வார விடுமுறைக்கு, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்து, என்னையும் இழுத்துக்கொண்டு தரகர் அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே அமர்க்களமாக இருந்தது. வைத்தியம் முடித்த ஒரு போட்டோகிராபர் படியில் நின்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

"வைத்தியம் முடிஞ்ச மறுநாளே வீடு பாக்க ஆள் மேல ஆளா வர்றாங்க!"

கூட்டம் வாயைப் பிளந்தது. நான்தான் முதலில் பிளந்தேன்.

"ஒரு நிமிஷம்" என்றாள் மனைவி. "பஸ்ல வரும்போது, வாங்க வர்றவ மாதிரி எங்க வீட்டைத் தேடினேன். அப்படி ஒரு வீடே விற்பனைக்கு இல்லைன்னு வருது. நீங்களும் தேடிப் பாருங்க. ஆனா உங்க வீட்டை நீங்க தேடாதீங்க. பக்கத்துல நிக்கறவங்க வீட்டைத் தேடுங்க."

படிக்கட்டு முழுக்க எல்லோரும் போனில் குனிந்தார்கள்.

"டாக்டரே, உங்க வீட்டைக் காணோம்."

"வக்கீல் வீடும் வரல."

"போட்டோகிராபர் வீடு மட்டும் ஜம்முனு வருதே!"

விஷயம் இவ்வளவுதான். வைத்தியம் முடியாத வீடுகளின் விளம்பரத்தைத் தரகர் மறைத்துவைத்திருந்தார். சொந்தக்காரன் கண்ணுக்கு மட்டும் தெரியும். வைத்தியம் முடிந்ததும் திறந்துவிடுவார். ஆட்கள் வருவார்கள். புகழ் கம்பியாருக்கு, கட்டணத்தில் பாதி தரகருக்கு.

"அது... சிஸ்டம் கோளாறும்மா" என்று தரகர் மென்று விழுங்கினார்.

"பணம் கட்டி முடிக்காத வீடா பாத்து மறைக்கிற கோளாறா? ரொம்பக் கெட்டிக்கார சிஸ்டம். எங்க வீட்டை இப்பவே திறந்து விடுங்க."

திறந்தார். நாங்கள் படி இறங்குவதற்குள் என் போன் அடித்தது. "வீட்டுல வெளிச்சம் வருமா? எப்ப வந்து பாக்கலாம்?" என்று ஒரு பெண்குரல். அதற்குள் கம்பியார் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிட்டார்.

டாக்டர் மட்டும் விடவில்லை. "விளம்பரத்தை மறைச்சது தரகர் சார். ஆனா கம்பி விழுந்தது நிஜம்தானே?"

ஆமாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மனைவி திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

தெருவுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "ஒத்தையில இருக்க முடியல, சீக்கிரம் வாங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? ஒருநாளாவது கண் கலங்கினீங்களா? செங்கலுக்கு உங்க மேல பாசம்னு எவனோ சொன்னான், உடனே அழுதுட்டீங்க."

அவமானமாக இருந்தது. அந்தப் பெண்குரலே வந்து பார்த்து, வீட்டை வாங்கிக்கொண்டது. வீடு தடுக்கவும் இல்லை, அழவும் இல்லை. நான் என் மனைவியிடம் வந்து சேர்ந்தேன்.

உங்களிடமும் யாராவது உச்சி குளிரப் பேசிக்கொண்டு வருவார்கள். பணத்தை எடுப்பதற்கு முன், அந்த உச்சிக்குக் கீழே இருப்பதை ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை. இத்தனைக்கும் அது சும்மாதான் இருந்தது.