பாய்க்கு ஒரு பெல்ட்

இந்தக் காலத்தில் எவனும் எதையும் தொட்டுப் பார்த்து வாங்குவதில்லை. கைப்பேசியில் படம் பார்க்கிறான், அமுக்குகிறான், மறுநாள் வாசலில் பொட்டலம் வந்து விழுகிறது. உள்ளே இருப்பது தோலா, பிளாஸ்டிக்கா என்று கேட்க ஆளில்லை. கேட்டால், கேட்டவனைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

பெத்தபெருமாள் கேட்டவர். இரவுச் சந்தையில் 'அசல் தோல்' என்று முத்திரை குத்திய பெல்ட் ஒன்றை வாங்கினார். மூன்றாம் மாதமே அது பாம்புச் சட்டை மாதிரி உரிந்தது. கொண்டுபோய்க் காட்டினால் விற்றவன் சிரித்தான். "அங்கிள், பெல்ட்டு கட்டிக்கிட்டு குனியக் கூடாது லா" என்றான்.

அன்றிலிருந்து அவருடைய கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு நைலான் கயிறு. இனி தோல் சாமான் என்றால் தானே செய்வது என்று முடிவெடுத்தார். ஓய்வு பெற்ற லாரி ஆள். பொழுது நிறைய இருந்தது. மரச்சுத்தியல், மெழுகு நூல், வரிசையாகத் துளை போடுகிற முள்கரண்டி மாதிரி ஒரு உளி எல்லாம் வாங்கினார். ஈப்போ புந்தோங்கில், தன் வீட்டுக் கார் கொட்டகையில் உட்கார்ந்து ஆறு மாதமாகச் சாவிக்கொத்து வார் செய்தார். பதினாறு வார் செய்து முடித்திருந்தார். வீட்டில் இருந்த சாவி நான்கு.

அப்படிப்பட்டவர், அன்று காலை ஒரு முழ அகலத் தோலை மடியில் விரித்து வைத்து, மனைவியின் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நல்லம்மா! இங்க வா."

"சோறு அடுப்புல இருக்கு."

"சோறு எங்கயும் ஓடிடாது. வந்து இதுல எத்தன ஓட்டன்னு எண்ணு."

நல்லம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள். "மூணு. தள்ளி இன்னொரு மூணு. ஏன்?"

"போச்சு. பன்னி."

"என்னது?"

"பன்னித்தோலு. மயிர்த்துளை மூணு மூணா இருந்தா பன்னின்னு வீடியோவுல சொன்னான். ஆட்டுத்தோலுன்னு சொல்லி என் தலையில கட்டிட்டா அந்தத் தோல் கடைச் சீன அமோய்!"

நல்லம்மாளுக்கும் முகம் மாறியது. காரணம், அந்தத் தோல் மைதீன் பாய்க்கு.

மைதீன் பாய் லாரி ஓட்டியவர். பெத்தபெருமாள் அவருக்குக் கெலிண்டான். பக்கத்தில் உட்கார்ந்து, மூட்டை ஏற்றி இறக்கி, ஓட்டுநர் தூங்காமல் பார்த்துக்கொள்கிறவர். சிலிம் ரிவர் ரப்பர் மூட்டையோடு முப்பத்தோரு வருடம் ஒரே லாரியில். உலகத்தில் பெத்தபெருமாள் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஒரே ஆள் அவர்தான். ஐந்து வேளை தொழுகிறவர். போன வாரம் கோப்பெங்கிலிருந்து போன் போட்டார்.

"பெருமாளு, எனக்கு ஒரு பெல்ட்டு செஞ்சு குடு. உன் மகன் நிச்சயத்துக்கு வேணும்."

பெத்தபெருமாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மகன் பிரேம்நாத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சுங்காயில் நிச்சயம். அங்கே பாய் வந்து, தான் செய்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நிற்பார்!

"செஞ்சுடலாம் பாய். இடுப்பு எவ்ளோ?"

"முப்பத்தெட்டு. ஆட்டுத்தோலு, தெரியுதா? ஆடு. மறந்துடாத."

இரண்டு நாள் கழித்து மறுபடி போன். "ஆடுதானே?" அடுத்த நாளும். "ஆடுன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்குல?"

பாவம், மனுஷன் எவ்வளவு பயப்படுகிறார் என்று பெத்தபெருமாள் நினைத்தார். இப்படிப் பயப்படுகிறவர் இடுப்பில் பன்றித்தோலைச் சுற்றிவிட்டால், முப்பத்தோரு வருடத்துக்கு என்ன அர்த்தம்?

தன் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு ஈப்போ டவுனுக்குப் போனார். மாடியில் இருந்த தோல் கடையில் அந்தச் சீனப் பெண் பொறுமையாக மலாயில் விளக்கினாள். ஆட்டுக்கும் துளை கூட்டம் கூட்டமாகத்தான் இருக்கும், ஆனால் நெருக்கமாக, வரிசை பிடித்துப் போகும். பன்றிக்கு மூன்று துளையும் முக்கோணமாக, தள்ளித் தள்ளி நிற்கும்.

"மூணு புள்ளியை எப்படி வச்சாலும் முக்கோணந்தானே!" என்றார் பெத்தபெருமாள்.

அவள் பன்றித்தோல் துண்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அதைத் தொடாமல் பார்த்தார். வித்தியாசம் தெரிந்தது. தெரிந்ததுதான் சந்தேகமாக இருந்தது. விற்கிறவள் காட்டுகிற வித்தியாசம் விற்கிறவளுக்குச் சாதகமாகத்தானே இருக்கும்?

வீட்டுக்கு வந்து, நெருப்பு வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். ஓரத்தில் லைட்டரைக் காட்டினார். மயிர் கருகுகிற நாற்றம். சரி, தோல்தான், பிளாஸ்டிக் இல்லை. ஆனால் என்ன தோல்? இன்னொரு ஓரத்தில் வைத்தார். அதே நாற்றம். நடுவில் வைத்தார். கடைசியில் தன் தலையிலிருந்து நாலு முடியைப் பிடுங்கிக் கொளுத்தி மோந்து பார்த்தார்.

"என்னங்க தெரிஞ்சது?" என்றாள் நல்லம்மாள், கொடியில் காய்ந்த துணிகளை அவசரமாக உருவிக்கொண்டு.

"ஆடு, பன்னி, நானு, எல்லாம் ஒரே நாத்தம்."

தெரிந்தது அது ஒன்றுதான். தெரியாமல் போனது, தோலில் இப்போது மூன்று ஓட்டை இருக்கிறது என்பது. எப்படி அளந்தாலும் ஒரு பெல்ட் நீளத்துக்கு ஓட்டையில்லாத இடம் கிடைக்கவில்லை.

"அதே கடையில இன்னொரு துண்டு வாங்கிட்டு வாங்க."

"அவகிட்டயா? என் கண்ணு முன்னாடி ஆட்டுலேர்ந்து உரிச்சாத்தான் இனிமே நம்புவேன்."

சொன்னபடியே செய்தார். மறுநாள் விடிந்ததும் பாசாரில் ஆட்டிறைச்சிக் கடை முன்னால் போய் நின்றார். தலை, கொம்பு, தாடி எல்லாம் இருப்பதைப் பார்த்து, அதே ஆட்டின் தோலைச் சுருட்டி வாங்கிக்கொண்டு வந்தார். உப்புத் தேய்த்து முன்வேலியில் விரித்தார். பதமாகிவிடும் என்று வீடியோவில் சொன்னான். எத்தனை நாளில் என்று பார்ப்பதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "அண்ணே, ஏதாச்சும் செத்துக் கிடக்கா?"

"ஆடு."

"எப்ப செத்துச்சு?"

"உனக்கு எதுக்கு? போய் வேலையப் பாரு லா."

மூன்றாம் நாள் தெருநாய்கள் வேலையைப் பார்த்தன. பெத்தபெருமாள் பல் துலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, தோல் வேலியில் இல்லை. கறுப்பு நாய் ஒன்று அதைக் கல்யாணப் புடவை மாதிரி இழுத்துக்கொண்டு தெருமுனையில் திரும்பியது. வாயில் நுரையோடு ஓடினார். பெரிய லோங்காங் சாக்கடை ஓரத்தில் மடக்கி, ஒரு முனையை அவரும் மறுமுனையை நாயும் பிடித்து இழுத்து, ஒருவழியாக வாங்கிக்கொண்டு வந்தார்.

நல்லம்மாள் தோலைப் பார்த்தாள். அவ்வளவு மோசமில்லை. "கழுவிட்டு வெட்டுங்க. பல்லு பட்ட இடத்த விட்டுடலாம்."

"நாய் வாய் வச்சதை பாய் தொடுவாரா? அவங்களுக்கு ஆகாது."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல" என்றார் பெத்தபெருமாள்.

தோலைக் குப்பை லாரிக்காரன் கூடக் கையால் தொடாமல் மண்வெட்டியால் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான்.

நிச்சயத்துக்கு மூன்றே நாள். பெத்தபெருமாள் ராத்திரியெல்லாம் புரண்டு படுத்து ஒரு வழி கண்டுபிடித்தார். சந்தேகமே வராத தோல் ஒன்று இருக்கிறது. துளை ஒவ்வொன்றாக, சீராகப் பரவியிருக்கும். கனம் போதும். பெல்ட்டுக்கென்றே பிறந்த தோல். மாடு. பாய்க்கு மாட்டில் ஒரு தடையும் இல்லை.

தடை வேறிடத்தில் இருந்தது.

நல்லம்மாள் சிலிம் ரிவர் தோட்டத்தில் மாடு வளர்த்தவள். ரப்பர்ப் பால் மரம் வெட்டி வந்த சம்பளம் வயிற்றுக்குச் சரியாய்ப் போனது. மகன் படித்தது மாட்டுப் பாலில். கடைசி மாடு செத்த அன்று அவள் மூன்று நாள் சாப்பிடவில்லை. மாட்டுத்தோல் செருப்பானாலும் சரி, பையானாலும் சரி, அவள் வீட்டு கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

"ரெண்டே நாளு" என்றார் பெத்தபெருமாள், தோலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றபடி.

"அதுவும் நீங்களும் வெளியவே இருங்க."

"பாய்க்காக லா."

"பாய்க்கு நானே டீ போட்டுக் குடுப்பேன். இது உள்ள வராது."

ஆயுதப் பெட்டியை மட்டும் கேட்டுக் கம்பி வழியாக எடுத்துக் கொடுத்தாள். பெத்தபெருமாள் அதைத் தூக்கிக்கொண்டு தெருமுனை பஸ் நிறுத்தத்துக்குப் போனார். நிழல் இருந்தது, சிமெண்டுப் பலகை இருந்தது. இரும்பு அடிக்கோலை வைத்து நேராக ஒரு கீறு. உளியை நிறுத்தி மரச்சுத்தியலால் ஒரு தட்டு. பலகை அதிர்ந்தது, பஸ்ஸுக்கு நின்ற கிழவி எழுந்து நின்றுகொண்டாள்.

நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரும் புதிருமாக நுழைத்து இழுத்தார். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது நிற்கும் என்பதால் இந்தத் தையலை மட்டும் அவர் நம்பினார்.

துளை போடும்போதுதான் யோசனை வந்தது. பாய் முப்பத்தெட்டு என்றார். பாயின் வயிற்றை யார் பார்த்தாலும் நாற்பத்திரண்டுக்குக் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். வயசானாலும் மனுஷனுக்கு அழகு போகக் கூடாது பார் என்று சிரித்துக்கொண்டு, முப்பத்தாறிலிருந்து நாற்பத்தைந்து வரைக்கும் பத்துத் துளை போட்டார். பெல்ட் புல்லாங்குழல் மாதிரி இருந்தது.

தலை நிமிர்ந்தபோது காலடியில் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு இருந்தது.

"அங்கிள், வார் பிஞ்சிருக்கு" என்றாள் வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி, வேறு செருப்பை மாட்டிக்கொண்டே பஸ்ஸில் ஏறியபடி. "சாயந்திரம் வந்து எடுத்துக்கறேன்."

"நான் செருப்புத் தைக்கறவன் இல்ல!" என்று கத்தினார். பஸ் போய்விட்டது. செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தையலே இல்லை, வெறும் பசை. என்ன வேலை செய்யறானுங்க! பொறுக்க முடியாமல் தைத்து வைத்தார். மறுநாள் நான்கு ஜோடி வந்தது. அவற்றையும் திட்டிக்கொண்டே தைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் பெல்ட் முடிந்தது. ஓரத்தைத் தண்ணீர் தொட்டுக் கட்டையால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தார். அவர் வாழ்க்கையில் செய்த எந்தப் பொருளும் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. வீட்டுப் பக்கமே போகாமல், பஸ் நிறுத்தத்திலிருந்து நேராகக் கோப்பெங்குக்குக் கப்சாயை விட்டார்.

மைதீன் பாய் கைலியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். பெல்ட்டை இரண்டு கையிலும் ஏந்தி வாங்கினார். விரலால் ஓரத்தைத் தடவினார். கண் கலங்கிவிட்டது.

"பெருமாளு... இது நீ செஞ்சதா?"

"பின்ன யாரு செஞ்சா? ஒவ்வொரு தையலும் நான்."

"கடைக்காரன் எவனும் இப்படிச் செய்ய மாட்டான்டா." பாய் அதை வளைத்தார். இன்னொரு முறை வளைத்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. "ஆட்டுத்தோலு இவ்ளோ கனமா இருக்குமா?"

"ஆடு இல்ல பாய். மாடு. நூத்துக்கு நூறு மாடு. ஒரு சந்தேகமும் வேணாம், நீங்க கட்டிக்கிட்டே தொழுவலாம்."

"மாடா?" பாய் பெல்ட்டை மடியில் போட்டார். "நான் ஆடுன்னுதானடா சொன்னேன். மூணு தடவ போன் போட்டுச் சொன்னேன்!"

"ஆட்ட நம்ப முடியல. துளை மூணு மூணா இருக்கு."

"இருந்தா இருந்துட்டுப் போவுது! ஆடு வேணும்னேன், ஆட்டுல செய்ய வேண்டியதுதானே? இப்ப இத வச்சு நான் என்ன செய்ய?"

வேலியில் காயப்போட்டதும், நாயோடு மல்லுக்கட்டியதும், இரண்டு நாள் தெருவில் உட்கார்ந்ததும் யாருக்காக?

"மாடு உங்களுக்கு ஆவாதா பாய்? மாட்டுக்கறி ரெண்டாங்கு தினம் வாய்க்கு ஆவுது, இடுப்புல கட்ட ஆவலையா?"

"உனக்கு வெளங்காது."

"வெளங்கிடிச்சு. முப்பத்தோரு வருஷம் கழிச்சு நீங்களும் என்னை நம்பல. இந்தக் காலத்து ஆளுங்க மாதிரி ஆயிட்டீங்க." பாயின் மடியிலிருந்து பெல்ட்டைப் பறித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு நிச்சயத்துக்கு வாங்க. பெல்ட்டு இல்லாம வாங்க."

"டேய், நில்லுடா! பெருமாளு!"

நிற்கவில்லை. கேட்டை அறைந்து சாத்திக்கொண்டு தெருவுக்கு வந்து கப்சாயை உதைத்தார். அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். அதற்குள் பாயின் மகள் ஃபரீதா, மாவு ஒட்டிய கையோடு, கேட்டுக்கு ஓடி வந்துவிட்டாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. கைலி கட்டற அத்தாவுக்கு எதுக்கு பெல்ட்டு? அது உங்களுக்கு மாமா, நிச்சயத்துல நீங்க கயித்தோட நிக்கக் கூடாதுன்னு! கடையில வாங்கித் தந்தா நீங்க நம்ப மாட்டீங்க, மாட்டுத்தோலுன்னா அத்தை உங்களையே வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. அதான் அத்தா ஆடு ஆடுன்னு அடிச்சுக்கிட்டாரு."

பெத்தபெருமாள் தோளில் கிடந்த பெல்ட்டைப் பார்த்தார். வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தார். பிறகு கிளம்பாத வண்டியைத் தள்ளிக்கொண்டு மெதுவாக நடந்தார்.

"உங்கத்தா சொன்னா சரிதாம்மா" என்றார், திரும்பிப் பார்க்காமல். "ஆனா அந்த அமோய் கடையில விக்கறது ஆட்டுத்தோலுன்னு மட்டும் நான் நம்ப மாட்டேன்."