ஏழாம் மாதம் முடிவதற்குள் கோப்பெங் வருவேன்

சுங்காய்,
19 பெப்ரவரி 1920, வியாழன்

கனம் பொருந்திய சம்பந்தி ஸ்டானிஸ்லாஸ் அவர்கள் சமுகத்துக்கு, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி மத்தியாஸ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் சம்சாரம் கத்தரினும் தேவமாதா தயவில் ஜுரமில்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும் மருமகனும், முக்கியமாக ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள் ஹில்டாவும் சுகமென்று நம்புகிறேன்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைப் பெற்றவனே நேரில் வந்து அழைப்பதுதான் முறை என்று தாங்கள் எழுதியதை மறக்கவில்லை. எட்டாம் மாதம் தொடங்கிவிட்டால் அவளை நகர்த்தக் கூடாதென்று கத்தரின் விரல் மடக்கிக்கொண்டிருக்கிறாள். இன்னும் நாலு நாள்தான். தாமதத்துக்குக் காரணம் நான் எழுதிய நோட்டீசு. போன தடவை வந்த விஷ ஜுரத்தில் முப்பத்தோரு பேரைப் புதைத்தோம். தோட்டத்து ஆள்வரிசைப் புத்தகத்தில் அத்தனை பெயரையும் என் கையால்தான் கோடு போட்டு அடித்தேன். மறுபடி ஜுரம் என்றதும், ஜுரம் உள்ளவர் வெளியே போகக் கூடாதென்று மட்டும் துரை எழுதச் சொன்னார். என் பேனா அதோடு நிற்கவில்லை. தும்மினவர் அன்று தோட்டத்து வாசலைத் தாண்டக் கூடாது, வெளியிலிருந்து வந்தவரும் அவரைத் தொட்டவரும் பத்து நாள் ஆற்றங்கரைக் கொட்டகையில் இருக்க வேண்டும், தபாலை மூன்று நாள் வெயிலில் காயவைத்தே பிரிக்க வேண்டும் என்றெல்லாம் சேர்த்தேன். தமிழ் படிக்கத் தெரியாத துரை கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முதலில் ரயிலில் கிளம்பினேன். மூன்றாம் வகுப்பில் முன்பெல்லாம் கால் வைக்க இடமிருக்காது. இப்போது பெட்டிக்கு நாலே பேர், ஆளுக்கொரு மூலை. ஜுரம் அண்டாமலிருக்கக் கத்தரின் வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்ன மிளகு தொண்டையில் இறங்கிவிட்டது. நான் இருமிய இருமலில் மற்ற மூவரும் அடுத்த ஸ்டேஷனில் குதித்தோடிப் புகார் சொல்ல, என்னையும் இறக்கிவிட்டார்கள். நடந்து திரும்பினேன். காவல்காரன் அர்ச்சுனன், "கொட்டாய்க்குப் போங்க லா, கிராணியாரே. நீங்க எழுதுனதுதானே?" என்றான். அதில் பத்து நாள் போயிற்று. பிறகு வண்டிக்காரன் பத்துமலையின் மாட்டு வண்டி. இப்போது எந்த வண்டியும் அடுத்த ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. தங்கள் ஊர் கோப்பெங் வர நாலு வண்டி மாற வேண்டும். முதல் வண்டியில் ஏறியதுமே, ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்துப் புகை மூக்கில் ஏறித் தும்மிவிட்டேன். "எறங்குங்க அண்ணே" என்றான் பத்துமலை. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் என் தும்மலைப் பார்க்கவே பால்வெட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள்.

ஆனாலும் நான் விடுவதாக இல்லை. சனிக்கிழமை விடியலில் மூக்கில் பஞ்சடைத்துக்கொண்டு நடந்தே புறப்படுகிறேன். நாற்பது மைல்தானே! ஹில்டாவைத் தயாராக வைத்திருங்கள். இந்தக் கடிதத்தையும் மூன்று நாள் காயவைத்த பிறகே பிரிக்கவும்.

தேவமாதா தங்கள் வீட்டையும், வழியில் வரும் என் கால்களையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
மத்தியாஸ்

பின்குறிப்பு: என்னை எதிர்பார்க்க வேண்டாம். உறையை ஒட்டும்போது வாசலில் ஒரு வண்டி நின்றது. இறங்கியவள் ஹில்டா! "ரயில்ல ஆளே இல்லப்பா, பெஞ்சுல படுத்துக்கிட்டே வந்தேன். ஜுர காலத்துல என்ன மொறைன்னு மாமாவே ஏத்திவிட்டாரு. கடுதாசி போட்டாரே, கெடைக்கலையா?" என்கிறாள். தங்கள் கடிதம் ஆபீஸ் கூரைமேல் இரண்டாம் நாளாகக் காய்கிறது. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்ததை அர்ச்சுனன் பார்த்துவிட்டான். இப்போது இருவரும் கொட்டகையில் இருக்கிறோம். கத்தரின் வேலிக்கு அப்பால் நின்று என்னைத் திட்டிக்கொண்டே கஞ்சி வைக்கிறாள். கிராணி வீட்டுக்கு மட்டும் விதியைத் தளர்த்தலாமா என்று துரை ஆளனுப்பிக் கேட்டார். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். இன்னொரு பெயரை அடிக்க என் கை வராது, சம்பந்தி.